ஒரே சொல் கேட்கும் நாய்

கல்லுடைக்கும் கிரஷருக்கு எதிரே இருக்கும் வீட்டு வரிசையில், கடைசிக்கு முந்தின வீட்டுக்குள், அந்த நாய் வந்த நாளிலிருந்து தூசி நுழையவில்லை. அந்த வருடம்தான் சர்க்கரை விலை ஏறியது, கிரஷருக்கு இரண்டாவது எந்திரம் வந்தது, பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் பாலம் உடைந்தது. அங்கே இருப்பவர்களைக் கேட்டால் இந்த நாலையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். தூசி என்று அவர்கள் சொல்வது மற்ற ஊர்த் தூசி அல்ல. பாறையை ஜல்லியாக நொறுக்கும்போது கிளம்பும் வெள்ளை மாவு. டீயின் மேல் ஆடை போல அது படியும். காகங்கள் அங்கே சாம்பல் நிறம். பிறந்த குழந்தையை வெளியே தூக்கி வந்து காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோவதற்குள் அதற்குத் தலை நரைத்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் அந்த ஒரு வீட்டில் மட்டும் தண்ணீர்க் குடத்துக்கு மூடி கிடையாது. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் மறுநாளும் அதில் முகம் தெரியும்.

வீட்டுக்காரர் டிரில்லர். வெடி வைப்பதற்காகப் பாறையில் துளை போடுகிற எந்திரத்தை நாள் முழுக்க வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருப்பவர். மாலையில் அவர் கையிலிருந்து எந்திரத்தை வாங்கி வைத்த பிறகும் கை ஆடிக்கொண்டே இருக்கும். டம்ளரில் முக்கால்தான் டீ ஊற்றுவாள் மனைவி. நாய் வாங்க வேண்டும் என்று அவர் கிளம்பியது திருட்டுக்காக. ஆண்கள் பாறைக்கும் பெண்கள் ஜல்லி அள்ளவும் போன பகல் நேரத்தில் அந்த வரிசையில் திருட்டு நடந்துகொண்டிருந்தது. டிரில்லர் வீட்டில் குக்கர் போனது. பக்கத்து வீட்டில், லாரியில் பாறை ஏற்றும் லோடுக்காரருக்குக் கதவே போனது. எடுத்துக்கொண்டு போக உள்ளே ஒன்றும் இல்லாத கோபத்தில் திருடன் கதவைக் கழற்றிவிட்டான் என்று லோடுக்காரரே சொல்லிச் சிரித்தார். தெருநாய்கள் இருந்தன. ஆனால் ஒரு பன்னுக்குத் திருடனோடு கூடவே போய் வழியனுப்பிவிட்டு வருகிற நாய்கள் அவை.

பின்னால் இருக்கும் மலைச்சரிவில் ஆடு மேய்க்கிற ஒருத்தியிடம் இந்த மண்ணின் பழைய காவல் நாய் இனம் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஒருசொல் நாய் என்று அதற்குப் பெயர். டிரில்லர் விடுமுறை நாளில் ஏறிப் போனார். ஆட்டுக்காரி விலை பேசவில்லை. நாயை நான் கொடுக்கிறதில்லை, அதுவாகப் போனால் போகும் என்றாள். கூப்பிடக் கூடாது, தின்ன எதையும் காட்டக் கூடாது, சும்மா தரையில் உட்கார வேண்டும். எந்தக் குட்டி வந்து முதுகைக் காட்டி உட்காருகிறதோ அது உன்னுடையது. அவருக்கு முன்னால் வந்த இரண்டு பேர் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வெறும் கையோடு இறங்கியிருந்தார்கள். டிரில்லருக்குக் காத்திருப்பது பழக்கம். பாறை என்றைக்கும் கூப்பிட்டு வந்ததில்லை. வெயில் சாய்ந்த பிறகு, சாம்பல் உடம்பும் கறுத்த மூக்கும் கொண்ட ஒரு பெட்டைக் குட்டி வந்தது. ஆடிக்கொண்டிருந்த அவர் விரல்களை முகர்ந்தது. அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. திரும்பி, அவர் முழங்காலில் முதுகைச் சாய்த்து, அவர் வந்த பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்தது. விரல்கள் நின்றுவிட்டதை அவர் அப்போது கவனிக்கவில்லை, இறங்கும்போதுதான் கவனித்தார்.

ஆட்டுக்காரி ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னாள். "இதுக்கு ஒரு சொல்லுதான்யா காதுல ஏறும். உன் வீட்டு வாசல்ல முதல்ல என்ன கேக்குதோ, அதுதான். அதுக்கப்புறம் நீ தலைகீழா நின்னாலும் உன் பேச்சு அதுக்குக் காத்துதான். யோசிச்சுச் சொல்லு." அவள் தன் நாயிடம் எதுவும் தொலையக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அதனால் அவளுடைய மந்தையில் ஒரு குட்டி தொலைந்ததில்லை; வேண்டாம் என்று அவள் வீசி எறிந்த செருப்பும் பாதி சீப்பும்கூட வருடக்கணக்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. முன்பு குட்டியோடு இறங்கிய இன்னொருவன் அவசரத்தில் யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டு இப்போது மச்சான் வீட்டில் குடியிருக்கிறான்.

டிரில்லர் இறங்கி வரும் வழியெல்லாம் திருடனை விடாதே, திருடனை விடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார், சூடான எதையோ வாயில் வைத்துக்கொண்டு வருகிறவர் போல. வரிசையின் முனையில் ஒரு ஜல்லி லாரி அவரையும் குட்டியையும் தூசியால் மூடிவிட்டுப் போனது. வாசலில் காலை வைத்து அவர் வாயைத் திறப்பதற்குள், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, அந்த வரிசையில் எல்லா மனைவிகளும் எல்லாப் புருஷன்களிடமும் எல்லா மாலையிலும் சொல்கிறதைச் சொன்னாள்.

"தூசியோட உள்ள வராதீங்க."

குட்டி தலையைச் சாய்த்துக் கேட்டது. இரண்டு காதும் நிமிர்ந்தன, பிறகு மடங்கின. டிரில்லர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். போச்சு என்றார். என்ன போச்சு என்று அவள் கேட்டாள். குக்கர் போன மாதிரி இதுவும் போச்சு என்று சொல்லிவிட்டு, ஆட்டுக்காரி சொன்னதை அவளிடம் சொன்னார். அதுக்கென்ன, நல்லதுதானே சொல்லியிருக்கேன் என்றாள் அவள்.

நல்லதாகத்தான் இருந்தது. குட்டி வாசலில் படுத்தது. காற்றில் வந்த தூசி படி வரை வந்து, கடையில் கடன் கேட்க வந்தவன் முதலாளியைப் பார்த்துத் திரும்புவது போலத் திரும்பியது. திருட்டும் நின்றது. திருடனும் அந்தத் தூசியில்தானே நடந்து வர வேண்டும், குளித்துவிட்டு எவன் திருட வருகிறான் என்று லோடுக்காரர் விளக்கம் சொன்னார். டிரில்லர் வேலை முடிந்து வந்தால் வெளிக்குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். காதுக்குப் பின்னால் தேய்க்கவில்லை என்றால் நாய் எழுந்து வாசலில் குறுக்கே நிற்கும். கடிக்காது, உறுமாது. நிற்கும், அவ்வளவுதான். நான் தொண்டை கிழியக் கத்தினப்ப கேக்காத மனுஷன், இது சும்மா நின்னா கேக்கறார் என்று மனைவி வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வேலை செய்யாமல் நின்று பார்ப்பதும் யார் சொல்லும் கேட்காததும் கிரஷர் மேஸ்திரியை நினைவுபடுத்தியதால் நாய்க்கு மேஸ்திரி என்றே பெயர் நிலைத்தது.

மேஸ்திரியோடு குடித்தனம் செய்வது எளிதாக இருக்கவில்லை. கூப்பிட்டால் வராது. வாலை ஆட்டாது. வைத்த சோற்றை யாரும் பார்க்காதபோது தின்னும். தோன்றினால் மலைக்குப் போகும், தோன்றினால் வரும். அது இல்லாத நாட்களிலும் தூசி உள்ளே வந்ததில்லை, சொல்லிவிட்டுப் போயிருக்கும் போல. மகள் அதற்கு உட்காரச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தாள். மேஸ்திரி அவளை, தெரியாத மொழியில் எழுதிய பெயர்ப்பலகையைப் பார்ப்பது போலப் பார்த்தது. எப்போதும் குடும்பத்துக்கு முதுகைக் காட்டித்தான் படுக்கும். நம்மளை இதுக்குப் பிடிக்கவே இல்லை என்று மகள் அழுதபோது டிரில்லர், பின்னால் நாம் இருப்பது அதற்குத் தெரியும், முன்னால் யார் வருகிறார்கள் என்றுதான் அது பார்க்கிறது என்றார். மகள் நாயின் முதுகில் தலை வைத்துப் படித்து, பெரியவளாகி, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். மனைவி ஜல்லி அள்ளுவதை விட்டுவிட்டு இஸ்திரி போட ஆரம்பித்தாள். வெள்ளைத் துணி வெள்ளையாகக் காய்கிற இடம் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவள் வீட்டுக்கூடம் ஒன்றுதான். கிரஷர் மேனேஜரின் சட்டைகள்கூட அங்கேதான் வந்தன.

வருடங்கள் இப்படிப் போனபிறகு, ஒரு விடுமுறை நாள் மதியம், டிரில்லர் நன்றாகக் குளித்து, தலை துவட்டி, துவைத்த லுங்கி கட்டிக்கொண்டு சோறு சாப்பிட உள்ளே போனார். மேஸ்திரி குறுக்கே நின்றது. அவர் திரும்பிப் போய்க் காதுக்குப் பின்னால் தேய்த்தார். அது நின்றது. நகத்தை வெட்டினார், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார். அது நின்றது. மனைவி அவரைக் கடையில் பானை வாங்குகிறவள் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டுத் தூசி இல்லை. அப்போது மேஸ்திரி அவர் நெஞ்சின் மேல் முன்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து, மூக்கை நெஞ்சுக்குழியில் வைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இறங்கி மறுபடி குறுக்கே நின்றது. டிரில்லர் இருமினார். அதற்கு முன்பும் அவர் இருமிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்த வரிசையில் இருமல் ஒரு நோய் கிடையாது, வந்துட்டேன் என்று சொல்வதற்குப் பதிலாக ஆண்கள் செய்வது. அன்றைக்குத்தான் இருவரும் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

கிரஷர் டாக்டர் பீடியால் வந்த இருமல் என்றார். டிரில்லர் பீடி குடித்ததில்லை. மகள் இருக்கும் ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. உள்ளே போனது போனதுதான், வெளியே வராது, இனி மேற்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தூசியே இல்லாத இடத்தில் இருந்தால் பல வருடம் இருக்கலாம், இல்லையென்றால் சொல்ல முடியாது என்று அங்கே இருந்த டாக்டரம்மா தன்மையாகச் சொன்னார். மகள் தன் வீட்டிலேயே இருக்கச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டு ஒற்றை அறையில் கொஞ்ச நாள் சுவரோடு சுவராக இருந்து பார்த்துவிட்டு அவர் திரும்பிவிட்டார். தூசி இல்லாத இடம் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய சொந்த வீடு. அதற்குள் அவர் போக முடியாது.

எல்லாம் செய்து பார்த்தார்கள். குட்டியாக இருந்தபோது மனைவி ஒற்றைக் கையால் இடுப்பில் தூக்கிப் போன நாயை, டிரில்லர் வாசலுக்கு வந்தபோது லோடுக்காரரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து தூக்கியும் நகர்த்த முடியவில்லை. லாரியில் பாறை ஏற்றுகிற ஆட்கள் அவர்கள். ஜன்னல் வழியாக ஏற்றலாம் என்று பின்னால் போனால் அங்கே அது ஏற்கெனவே நின்றது. மகள் வந்து, நாயைப் பிடித்துப் போக ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்றாள். "நாயா அப்பாவா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லும்மா" என்று அம்மாவிடம் கத்தினாள். பதில் சொன்னது டிரில்லர். "அது பொய் ஒண்ணும் சொல்லலையேம்மா. உள்ள தூசிதானே இருக்கு. ஆஸ்பத்திரியில படம் எடுத்துச் சொன்னதை இது மூக்கை வெச்சுச் சொல்லிடுச்சு. அதுக்காக அதை அடிச்சுத் துரத்தவா?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முற்றத்து மரத்தடியில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். மனைவி ஜன்னலுக்கு உள்ளே நின்று இஸ்திரி போடுவாள், அவர் வெளியே படுத்திருப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. முன்பெல்லாம் அவர் வருவார், தின்பார், தூங்குவார். இப்போது ஜன்னல் கம்பி நடுவில் இருக்க, எந்தச் சட்டை யாருடையது, காலர் கறையை வைத்து யார் தலைக்குச் சாயம் அடிக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. அவள் சிரித்தால் அவருக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் இருமல் வரும், இருமினால் அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அது நிற்கும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாள் முழுக்கத் தூசி அவர் மேல் பெய்துகொண்டிருந்தது. போர்வையை உதறினால் புகை போல எழும். மாதங்கள் போகப் போக அவர் பேச்சில் வார்த்தைகள் குறைந்தன. ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொன்னவர் நாலு மூச்சில் சொன்னார்.

இதற்கிடையே விஷயம் தெரிந்து மற்ற ஆண்களும் வர ஆரம்பித்தார்கள். விடுமுறை நாளில் குளித்து, துவைத்த சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிறவர்கள் போல வரிசையாக வந்து அந்த வாசலில் ஏறுவார்கள். மேஸ்திரி விட்டவர்கள் உள்ளே டீ குடித்தார்கள். விடாதவர்கள் டிரில்லரின் கட்டிலில் உட்கார்ந்து குடித்தார்கள். லோடுக்காரர், கதவில்லாத வீட்டுக்காரனை நாய் என்ன கேட்கப் போகிறது என்று சிரித்துக்கொண்டே ஏறினார், சிரிக்காமல் இறங்கினார். நாளடைவில் கட்டில் போதவில்லை, பெஞ்சு போட்டார்கள். மேனேஜர் கோபத்தோடு வந்தார், நாயைக் காட்டி ஆட்களைக் கிளப்பிவிடுகிறார்கள் என்று. அவர் குளிரூட்டிய அறையில் உட்காருகிறவர், சட்டையில் சுருக்கம்கூடக் கிடையாது, அதற்கு இஸ்திரியும் அந்த வீட்டில்தான் போட்டார்கள். உள்ளே போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று படியேறினார். மேஸ்திரி எழுந்து அவர் நெஞ்சில் மூக்கை வைத்தது. பிறகு குறுக்கே நின்றது. மேனேஜர் படியிறங்கினார். யாரும் சிரிக்கவில்லை, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். டீ குடித்துவிட்டுப் போனார். பத்து வருடமாகக் கேட்டும் வராத தண்ணீர்க் குழாய் அடுத்த வாரம் கிரஷருக்கு வந்தது. எந்திரத்தின் வாயில் தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீர் இருக்கும் நாட்களில் தூசி பாதியானது.

டிரில்லரின் மூச்சை அடைக்கப் பாதித் தூசியே போதும். காற்று திசை மாறிய மாதத்தில் ஒருநாள் காலை, அவர் தண்ணீர் கேட்டார். தண்ணீர் என்ற ஒரு சொல்லை இரண்டு மூச்சில் சொன்னார். மனைவி ஜன்னலில் நின்றபடி அதைக் கேட்டாள். மேனேஜரின் சட்டை பெட்டிக்கடியில் தீய்ந்து வாசனை வரும் வரை அப்படியே நின்றாள். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அடுப்பைத் தூக்கினாள்.

அடுப்பைக் கொண்டுபோய் அவர் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். திரும்பி வந்து குடத்தை எடுத்துப் போனாள். தட்டு, டம்ளர், அரிசிப் பானை, கண்ணாடி, கல்யாணத்தில் எடுத்த படம், இஸ்திரி மேசை. துணிக் கொடியை அவிழ்த்து மரத்தில் கட்டினாள். லோடுக்காரர் மனைவி வேலியோரம் வந்து, என்னக்கா வீட்டைக் காலி பண்றியா, தூசி எல்லாத்தையும் தின்னுடுமே என்றாள். டிரில்லர் கையை ஆட்டி வேண்டாம் என்றார், பேச மூச்சு இல்லை. டிரில்லர் மனைவியோ சுவரில் அடித்திருந்த ஆணிகளைக்கூடப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்தாள். கடைசியாகத் தன் பாயைக் கொண்டுவந்து கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் வேலியோரம் நின்றவளுக்குப் பதில் சொன்னாள், மேஸ்திரிக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.

"தூசியோட உள்ள வராதீங்கன்னுதான் சொன்னேன். அவரு எங்கயும் வரலை, இருந்த இடத்துலயே இருக்காரு. வீடுதான் அவர்கிட்ட வந்திருக்கு. உள்ள இருக்கறவரை வெளிய அனுப்புன்னு நான் என்னைக்குடி சொன்னேன்?"

மேஸ்திரி வாசலில் படுத்திருந்தது. தலையைத் திருப்பி வீட்டுக்குள் பார்த்தது. வெறும் நாலு சுவர். ஆணி இருந்த இடத்தில் ஓட்டைகள். அது அவ்வளவு நேரம் வீட்டுக்குள் பார்த்து யாரும் பார்த்ததில்லை. பிறகு எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, படியிறங்கி வந்தது. அடுப்பையும் கட்டிலையும் மேசையையும் பாயையும் ஒரு சுற்றுச் சுற்றியது. கட்டிலருகே நின்று டிரில்லரின் விரல்களை முகர்ந்தது. முதல்நாள் போலவே முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் அவளுக்கும் முதுகைக் காட்டி, கிரஷரைப் பார்த்தபடி படுத்தது.

தூசி வந்தது. சுற்றின் விளிம்பு வரை வந்து திரும்பியது. மரத்தின் பாதி இலைகள் வெள்ளையாகவும் பாதி பச்சையாகவும் இருந்தன. மதியத்துக்குள் டிரில்லரின் போர்வை நிறம் தெரிந்தது. அது நீலம் என்பதை இருவருமே மறந்திருந்தார்கள். உள்ளே பூத்தது உதிரவில்லை, டாக்டரம்மா சொன்னது சரிதான். ஆனால் மேற்கொண்டு பூக்கவில்லை. சில மாதத்தில் அவர் ஒரு வாக்கியத்தை மறுபடி இரண்டு மூச்சில் சொன்னார். முதலில் கேட்டது, தீய்ந்த அந்தச் சட்டைக்கு மேனேஜர் என்ன சொன்னார் என்பது.

லோடுக்காரர் தன் கட்டிலைச் சுற்றுக்கு வெளியே கொண்டுவந்து போட்டுவிட்டு, உள்ளே வர முடியாமல் படுத்திருந்தார். டிரில்லர் மனைவி அடுப்பை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்துச் சமைத்தாள். மேஸ்திரி பெருமூச்சு விட்டு எழுந்து, லோடுக்காரரின் கட்டிலைத் தாண்டிப் போய்ப் படுத்தது. அடுத்து பெஞ்சில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவரும் உள்ளே வரவில்லை. உள்ளே என்பதுதான் ஒவ்வொருவரிடமாகப் போனது. அடுப்பை நகர்த்துவது அவளுக்கு வருடத்தில் சில நாள் வேலையானது. பழைய வீட்டில் ஜன்னல் வரை தூசி ஏறியது, யாரும் பொருட்படுத்தவில்லை. மகள் வந்தால் மரத்தடியில் படுத்தாள், நாயின் முதுகில் தலை வைத்து. மேஸ்திரிக்கு மூக்கு நரைத்தது. அது தூசியா என்று புது ஆட்கள் துடைத்துப் பார்ப்பார்கள், வராது.

இப்போது அந்த அடுப்பு கிரஷர் கேட்டுக்குப் பக்கத்தில், லாரிகள் திரும்புகிற இடத்தில் எரிகிறது. அங்கே சுவர் இல்லை, கதவு இல்லை, படி இல்லை. சாலையும் கட்டில்களும் காய்கிற வெள்ளைத் துணிகளும்தான். புதிதாக வந்த லாரி டிரைவர் ஒருவர் டீக்காக இறங்கி நேராக நடந்து வந்தார். சாம்பல் நிற நாய் ஒன்று எழுந்து வெறும் சாலையில் குறுக்கே நின்றது. அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் நிமிராமலேயே சொன்னாள்.

"தூசியோட உள்ள வராதீங்க."

எங்கே உள்ளே என்று டிரைவர் கேட்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து, கையைத் தட்டினார், காலைத் தட்டினார், காதுக்குப் பின்னாலும் ஒருமுறை துடைத்துக்கொண்டார். கட்டிலில் படுத்திருந்த டிரில்லர் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.